பெண்கள் பற்றிய ஆவணப்படங்களை ஊரில் இலவசமாகத் திரையிடுவது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரம், கிண்ணியா, மூதூர், சம்பூர், தம்பலகாமம், நிலாவெளி, குச்சவெளி என்று எந்த ஊரில் பெண்களைப் பற்றிய ஆவணப்படம் திரையிடப்போவதாகச் சொன்னாலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறோம். பார்க்க வருபவர்களுக்கான கேள்விகள் முதலில் வருகின்றன. நடத்த நினைக்கும் மாதர் சங்கங்களுக்கும் இளைஞர்களுக்கும் உரியவை அதன் பிறகு.

இது சினிமாப் படமா, வேற ஏதுமா?

சினிமா இல்லை. ஆவணப்படத்தில் நடிகர்கள் கிடையாது. உண்மையாக வாழ்ந்த, வாழ்கிற மனிதர்களை அவர்களுடைய வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் படம்பிடித்துத் தொகுத்திருப்பார்கள். பாட்டும் சண்டையும் இருக்காது. ஆனால் நல்ல ஆவணப்படம் ஒரு கதை போலவே நம்மை இழுத்துக்கொண்டு போகும். ஊராட்சிக்குப் போட்டியிட்ட ஒரு பெண், சண்டையை நிறுத்தச் சொல்லி வீதியில் குந்திய தாய்மார், பத்திரிகை நடத்தும் பெண்கள் என்று பல வகை உண்டு.

காசு குடுக்கவேணுமா? பேர், அடையாள அட்டை எல்லாம் பதிவினமா?

காசு இல்லை. உண்டியலும் வைக்கக்கூடாது. அதற்கான காரணம் கீழே உரிமை பற்றிய பதிலில் இருக்கிறது.

நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாசலில் மேசை போட்டு, பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், ஒப்பம் என்று நிரல் போட்ட தாளை நீட்டாதீர்கள். நிவாரணத்துக்கும் கடனுக்கும் ஒப்பம் வைத்துச் சலித்துப்போன ஊர்கள் இவை. அந்தத் தாளைக் கண்டதும் சில பெண்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். வேறு சிலர் ஏதோ கிடைக்கப்போகிறது என்று நினைத்து வந்து ஏமாறுவார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியவேண்டுமானால் தலையை எண்ணினால் போதும்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். கீழ ஓடுற எழுத்தை வாசிக்க ஏலாதே?

இது உங்கள் குறையே இல்லை. எழுத்து சில விநாடிதான் திரையில் நிற்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நன்றாக வாசிப்பவர்களே பாதியில் விட்டுவிடுவார்கள். அதனால் பிறமொழிப் படம் என்றால் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். திரையில் யாரும் பேசாத இடத்தில் அவரும் பேசாமல் இருக்கவேண்டும்.

சொல்பவர் அந்தப் படத்தை முன்கூட்டியே இரண்டு முறையாவது பார்த்து, வசனங்களைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கவேண்டும். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் படம் முந்தி ஓடிவிடும். ஐந்து வசனத்தை இரண்டாகச் சுருக்கி, நம் ஊர்ப் பேச்சில் சொல்வதே சரி. 70 நிமிடப் படம் என்றால் இரண்டு பேர் மாறிமாறிச் சொல்லட்டும். ஒருவரே சொன்னால் கடைசி இருபது நிமிடம் குரல் சோர்ந்துவிடும்.

சின்னப்பிள்ளையளை எங்க விடுறது?

கூட்டிக்கொண்டு வாருங்கள். மண்டபத்தின் பின்பக்கமோ விறாந்தையிலோ பாய் விரித்து, நிறப்பென்சில், தாள், விளையாட்டுச் சாமானோடு ஒருவரை இருத்துவது நடத்துபவர்களின் பொறுப்பு. அந்த ஆள் படம் பார்க்க வந்தவராக இருக்கக்கூடாது. அந்த வேலைக்கென்றே வந்தவராக இருக்கவேண்டும். முன்பள்ளி ஆசிரியைகள் இதில் கெட்டிக்காரர்கள். வன்முறைக் காட்சி உள்ள படம் என்றால் பிள்ளைகளுக்குத் திரை தெரியாத இடம் வேண்டும்.

ஆம்பிளையள் வரலாமா?

அதை நடத்துபவர்கள் முதலே முடிவெடுத்து நோட்டீசில் எழுதவேண்டும். எங்கள் கருத்து: ஓர் ஊரில் முதல் இரண்டு திரையிடலைப் பெண்களுக்கு மட்டும் வைப்பது நல்லது. கணவனோ மாமனாரோ பின்கதிரையில் இருந்தால் படம் முடிந்தபின் வாய் திறக்கத் தயங்குவார்கள். மூன்றாவதிலிருந்து எல்லோரையும் கூப்பிடலாம். புரொஜெக்டர், ஸ்பீக்கர் இயக்க வருகிறவர் ஆண் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படம் முடிந்ததும் அவர் வெளியே நிற்கட்டும். ஊர்ப் பிள்ளைகள் இருவருக்கு அந்த வேலையைப் பழக்கிவிட்டால் இந்தச் சிக்கலே வராது. ஒரு பின்னேரத்தில் பழகக்கூடிய வேலைதான்.

பொம்பிளையளைக் குடும்பத்துக்கு எதிராத் தூண்டிவிடத்தானே இதெல்லாம்?

இதைக் கேட்பவர்களிடம் கோபப்படவேண்டாம். படத்தைத் திரையிடலுக்கு முன்பே அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், பங்குத்தந்தை, கிராம உத்தியோகத்தர் என்று ஊரில் யாருடைய சொல்லுக்கு மதிப்போ அவர்களில் இரண்டு மூன்று பேரை லப்டொப்பில் பார்க்க வையுங்கள். பார்க்காத படத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம்.

இலங்கையில் பெண்கள் 1931இல் ஆண்களோடு சேர்ந்தே வாக்குரிமை பெற்றார்கள். உலகின் முதல் பெண் பிரதமர் 1960இல் இங்கேதான் பதவியேற்றார். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கும் சட்டம் 2016இல் வந்து, 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. பெண் தலைமை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அதைப் பற்றி உட்கார்ந்து பேச இடம்தான் குறைவு.

எந்தப் படத்தைப் போடுறது? ஏராளம் கிடக்குதே.

மூன்று விடயம் பாருங்கள். நீளம் 75 நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது. 90க்கு மேல் போனால் பேச நேரம் இருக்காது. அடுத்தது, படத்தில் வரும் பெண் நம் ஊர்ப் பெண்ணுக்கு எட்டக்கூடியவளா என்பது. பெரிய நாட்டு நீதிபதியின் கதையை விட, மீன் விற்கிற, வயல் செய்கிற, ஊர்ச்சபையில் நிற்கிற பெண்ணின் கதை இங்கே நன்றாக ஒட்டும். மூன்றாவது, படத்தின் முடிவு. தோற்றாலும் பரவாயில்லை, அவள் ஏதோ ஒன்றைச் செய்துபார்த்திருக்கவேண்டும். கஷ்டத்தை மட்டும் காட்டி முடிகிற படம், ஏற்கெனவே நிறையப் பட்டவர்களை இன்னும் பாரமாக வீட்டுக்கு அனுப்பும்.

தமிழிலேயே பேசும் படங்கள் இருப்பது பெரிய வரம். கிம் லொங்கினோட்டோ 2013இல் எடுத்த ‘சல்மா’, துவரங்குறிச்சியில் சிறுவயதில் வீட்டுக்குள் இருத்தப்பட்டு, ஒளித்து ஒளித்துக் கவிதை எழுதி, பின்னர் பேரூராட்சித் தலைவியான கவிஞரைப் பற்றியது. தீபா தன்ராஜின் ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ (2011), புதுக்கோட்டையில் முஸ்லிம் பெண்கள் குடும்பப் பிணக்குகளை விசாரிக்கத் தாங்களே அமைத்த ஜமாஅத் என்ற சபையைக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றரை மணி நேர அளவு. ஆதலால் நேரத்தைக் கவனமாகத் திட்டமிடவேண்டும். மூதூர், கிண்ணியா போன்ற இடங்களில் இவை சூடான பேச்சைக் கிளப்பக்கூடியவை. எனவே முதல் திரையிடலாக வைக்காமல், ஒன்றிரண்டு படம் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு வையுங்கள்.

முதல் படத்துக்கு ஏற்றது ‘பிரே த டெவில் பாக் டு ஹெல்’ (2008). 72 நிமிடம். லைபீரியாவில் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளைச் சட்டை போட்டு, மீன்சந்தைப் பக்கத்து வெளியில் நாள்தோறும் வெயிலிலும் மழையிலும் குந்தியிருந்து சமாதானம் கேட்டார்கள். போர் 2003இல் முடிந்தது. அவர்களை வழிநடத்திய லேமா போவீக்கு 2011இல் சமாதான நோபல் பரிசு கிடைத்தது. படம் ஆங்கிலத்தில் இருப்பதால் மேலே சொன்னபடி மைக்கில் ஒருவர் சொல்லவேண்டும். போர்க் காட்சிகள் உண்டு என்பதை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும்.

யூடியூபில கிடக்குற படத்தை அப்படியே போடலாந்தானே? காசு வாங்கேல்லையே.

முடியாது. காசு வாங்காவிட்டாலும் பலர் கூடும் இடத்தில் காட்டுவது பொதுக் காட்சிதான். அந்த உரிமை படத்தை எடுத்தவருக்கோ விநியோகிப்பவருக்கோ உரியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதைப் பாதுகாக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் தன்னுடைய ஆவணப்படங்களில் சிலவற்றுக்கு மட்டும் கல்வி நோக்கிலான ஒருமுறைத் திரையிடலை அனுமதிக்கிறது. கட்டணம், நன்கொடை, விளம்பரம் எதுவும் இருக்கக்கூடாது என்பது அதன் நிபந்தனை. அந்த அனுமதி உள்ள படமா என்று படத்தின் விபரப் பக்கத்தில் பார்த்துவிட்டே போடவேண்டும்.

மற்றப் படங்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். நாள், ஊர், மண்டபம், எதிர்பார்க்கும் ஆட்தொகை, நுழைவு இலவசம், நடத்துவது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்று ஆறேழு வரியில் தெளிவாகச் சொன்னால் போதும். பதில் வரக் காலம் எடுக்கும். ஆறு கிழமைக்கு முன்னர் எழுதுங்கள். சிறிய ஊர், இலவசக் காட்சி என்றால் கட்டணத்தைக் குறைக்கவோ விட்டுக்கொடுக்கவோ சிலர் முன்வருவார்கள். அதே கடிதத்திலேயே தமிழ் எழுத்து சேர்க்கவும், மைக்கில் தமிழில் சொல்லவும் அனுமதி கேட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்பு தனி உரிமை. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வந்த பதிலை அச்சடித்துக் கோப்பில் வையுங்கள்.

பொலிஸ், தணிக்கை எண்டு வேற அனுமதி எதுவும் வேணுமா?

இலங்கையில் பொதுமக்களுக்குக் காட்டும் படங்கள் 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சான்றிதழ் கொடுப்பது, ஊரில் தணிக்கைச் சபை என்று சொல்லப்படும் சபை. படத்துக்குச் சான்றிதழ் இருக்கிறதா, உங்கள் காட்சிக்கு என்ன தேவை என்று பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தர் மூலம் எழுத்தில் கேட்டு வையுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். அதைத் திரையிடலுக்கு ஒரு கிழமை முன் எடுங்கள். சாதாரணதர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். மண்டபத்துக்கு அதன் பொறுப்பாளரின் கடிதம் வேண்டும். இந்தக் கடிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில், வாசலில் நிற்பவர் கையில் இருக்கட்டும். யாராவது வந்து விசாரித்தால் பதற்றமில்லாமல் எடுத்துக் காட்டலாம்.

என்ன நாள், எத்தனை மணி?

ஒரு பெண் இருட்டுப்பட முன்னர் வீடு போய்ச் சேரவேண்டும். இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பாருங்கள். இங்கே ஆறு, ஆறரைக்குள் பொழுது பட்டுவிடும். அப்படியானால் ஐந்தரைக்கு எல்லாம் முடியவேண்டும். பேச்சுக்கு 40 நிமிடம், படத்துக்கு 75, ஆட்கள் வந்து அமர 15. எனவே மூன்று, மூன்றேகாலுக்குத் தொடங்கவேண்டும். முஸ்லிம் ஊர்களில் அஸர் தொழுகை மூன்றரையை ஒட்டி வரும். அங்கே தொழுகை முடித்துத் தொடங்கி, 60 நிமிடத்துக்கு மேற்படாத படமாகப் போடுவது நல்லது. காலை நேரம் சமையலோடு முட்டும்.

வெள்ளிக்கிழமை யாருக்கும் சரிவராது. கோயிலுக்கும் ஜும்ஆவுக்கும் உரிய நாள் அது. ஞாயிறு காலை பூசை, பிள்ளைகளின் தனியார் வகுப்பு. சனி பின்னேரமே ஓரளவு பொருந்துகிறது. அறுவடை நாட்களில் தம்பலகாமம், கிண்ணியா வயல் பக்கம் ஆள் வராது. நோன்பு மாதத்தை விட்டுவிடுங்கள். மார்ச் 8ஐயும் விட்டுவிடுங்கள். மகளிர் தினத்தில் எல்லா அலுவலகமும் கூட்டம் வைக்கும், ஒரே பெண்களைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்காமல் நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

மண்டபமா, வெளியிலயா?

மண்டபம். வெளியில் திரை தெரிய இருட்டவேண்டும், இருட்டினால் மேலே சொன்ன கணக்குப் பிழைத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் மழை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று. கட்டின திரை பாய்மரம் போல விம்மி, பக்கத்தில் நிற்கும் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு விழும்.

மண்டபத்தின் எதிரி யன்னல் வெளிச்சம். கறுப்புத் துணியோ, கறுப்புப் பொலித்தீனோ கொண்டு திரைக்கு எதிரேயும் பக்கத்திலும் உள்ள யன்னல்களை மூடுங்கள். எல்லாவற்றையும் மூடினால் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் ஆட்கள் விறாந்தைக்குப் போய்விடுவார்கள். திரைக்குப் பின்பக்கச் சுவரில் உள்ள யன்னலைத் திறந்துவிட்டு, காற்றாடியை அதன் முன் வையுங்கள். ஓட்டை விழுந்த தகரக் கூரை இருந்தால் வெயில் புள்ளி புள்ளியாகத் திரையில் விழும். இதைக் காலையில் போனால் காணமுடியாது. திரையிடும் அதே நேரத்தில், முந்தின கிழமை போய்ப் பாருங்கள். மலசலகூடத்தில் தண்ணீரும் கதவில் கொழுக்கியும் இருக்கிறதா என்றும் அன்றைக்கே பாருங்கள்.

என்னென்ன சாமான் வேணும்?

60 பேருக்கு: 3000 லூமன் வெளிச்சத்துக்குக் குறையாத புரொஜெக்டர், 10 அடி அகலத் திரை, ஸ்டாண்டோடு இரண்டு ஸ்பீக்கர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறிய மிக்சர், இரண்டு மைக், லப்டொப், எச்டிஎம்ஐ வயர், 60 அடி எக்ஸ்டென்ஷன் வயர் இரண்டு, ஒரு யூபிஎஸ். படம் இரண்டு இடத்தில் இருக்கவேண்டும், லப்டொப்பிலும் பென்டிரைவிலும். இணையத்தில் இருந்து நேரே ஓடவிட நம்பியிருக்கவேண்டாம்.

திரைக்கு 10 அடி அகலம் என்றால் உயரம் ஐந்தரை அடிக்குச் சற்று மேல் வரும். சாதாரண புரொஜெக்டரைத் திரையிலிருந்து 15 முதல் 18 அடியில் வைக்கவேண்டும். திரையின் அடி விளிம்பு நிலத்திலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் கீழ் எழுத்தை மறைக்கும். முன்னால் பாய், பின்னால் கதிரை. கடைசிக் கதிரை திரையிலிருந்து 33 அடிக்கு மேல் போகக்கூடாது. வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டினால் இரட்டையாக மடித்து, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். ஒற்றைத் துணியில் வெளிச்சம் ஊடுருவிப் படம் வெளிறும். சுருக்கத்தை முதல் நாளே இஸ்திரி போட்டு எடுக்கவேண்டும். ஒரு முகத்தின் நடுவே ஓடும் மடிப்பு அந்த முகத்தைக் கெடுத்துவிடும்.

படம் முடிந்ததும் புரொஜெக்டரின் வயரைப் பிடுங்காதீர்கள். சுவிச்சை அழுத்தி, உள்ளே இருக்கும் விசிறி தானாக நிற்கும்வரை விடுங்கள். அவசரப்பட்டுப் பிடுங்கினால் பல்ப் கெட்டுப்போகும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் மணலும் அதன் காற்று வடிகட்டியை அடைத்துவிடும். இரண்டு மூன்று திரையிடலுக்கு ஒருமுறை மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள்.

படம் வடிவாத் தெரியுது, கதைக்கிறது விளங்கேல்ல. ஏன்?

வழக்கமான காரணம் எதிரொலி. சீமெந்துச் சுவர், வெறும் தரை, தகரக் கூரை. சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். ஸ்பீக்கரைத் திரையின் இரு பக்கமும் முன்னுக்கு இழுத்து, காது மட்டத்துக்குச் சற்று மேலே உயர்த்தி, கூட்டத்தின் நடுவைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். மிக்சரில் பேஸ் எனப்படும் அடிச்சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். பேச்சு எழும்பி வரும். பின்சுவரில் ஓரிரு கம்பளமோ பாயோ தொங்கவிட்டாலும் வித்தியாசம் தெரியும். கடைசிக் கதிரையில் ஒருவரை இருத்தி, ஓடுகிற வசனத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால் சத்தம் சரி.

‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் தொடர்ந்து வந்தால், லப்டொப்பும் மிக்சரும் வேறு வேறு பிளக்கில் இருக்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டுங்கள்.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் விளங்காவிட்டால் பத்து நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கத் தொடங்குவார்கள். செலவழிக்கக் காசு குறைவு என்றால் அதை ஸ்பீக்கரில் செலவழியுங்கள்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வருது, இல்லாட்டிக் கொம்பு தனியா, எழுத்து தனியா நிக்குது.

படத்துக்குக் கீழே ஓடும் எழுத்துக் கோப்பைச் சேமித்த முறையோ, எழுத்துருவோ பிழை. கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) ஆகச் சேமித்து, படத்துக்கும் அதற்கும் ஒரே பெயர் வைத்து, ஒரே போல்டரில் போடுங்கள். படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் நிர்மலா, லதா போன்ற ஒரு தமிழ் எழுத்துருவைத் தெரிவுசெய்யுங்கள். லப்டொப்பில் சரியாக வருவது தொலைக்காட்சியின் யூஎஸ்பியில் போட்டால் உடையும். அதனால் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால் எழுத்தைப் படத்தோடு பதித்துவிடுவதே பாதுகாப்பு. ஒரு தடவையில் இரண்டு வரி, வரிக்கு ஆறேழு சொல். அதற்கு மேல் போடவேண்டாம்.

கரண்ட் போனா?

மேலே சொன்ன சாமான்களுக்கும் நான்கு நின்ற காற்றாடிக்கும் சேர்த்து ஏறக்குறைய 900 வாட் போகும். 2 கேவிஏ ஜெனரேட்டர் தாராளமாகத் தாங்கும். அதை மண்டபத்திலிருந்து 60 அடியாவது தள்ளி, காற்று மண்டபத்துப் பக்கம் அடிக்காத திசையில், திறந்த வெளியில் வையுங்கள். விறாந்தையில் வைக்கவே கூடாது. புகை உயிரைக் குடிக்கும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக விட்டால் சூடேறி உருகும், முழுதாக அவிழ்த்து விரியுங்கள். புரொஜெக்டரையும் லப்டொப்பையும் யூபிஎஸ்ஸில் போட்டால் ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் பண்ணும்வரை தாக்குப்பிடிக்கும். அந்த இடைவெளியில் தேத்தண்ணீரைக் கொடுத்துவிடலாம்.

படம் முடிஞ்ச உடன எல்லாரும் எழும்பிப் போயிடினம். கதைக்க வைக்கிறது எப்பிடி?

மின்குமிழை ஒரேயடியாகப் போடாதீர்கள். போட்டதும் எழும்பிவிடுவார்கள். படத்தின் பெயர்கள் ஓடும்போதே ஓரமாக ஒரு விளக்கை மட்டும் போட்டு, தேத்தண்ணீரைக் கதிரைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாசலில் வைத்தால் குடித்துவிட்டு அப்படியே வெளியேறிவிடுவார்கள். 60 பேர் ஒரே கூட்டமாக இருந்தால் மூன்று பேர்தான் பேசுவார்கள். கதிரைகளைத் திருப்பி, 12 முதல் 15 பேர் கொண்ட வட்டங்களாக்குங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் கேட்டுப் பழகிய ஒருவர் இருக்கட்டும்.

‘படம் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லம்’ என்ற பதிலோடு நின்றுவிடும். ‘எந்த இடம் கண்ணுக்குள்ள நிக்குது?’ என்று கேளுங்கள். ஒருவர் ஒரு காட்சியைச் சொன்னால் இன்னொருவர் அதைத் தொடர்வார். பிறகு, ‘அவ அந்த நேரம் வீட்டுக்குப் போயிருந்தா என்ன நடந்திருக்கும்?’ என்று கேளுங்கள். ‘எங்கட ஊரில இப்பிடி ஒண்டு நடந்தா ஆர் முதல் எழும்புவா?’ என்பதைக் கடைசிக்கு வையுங்கள். மௌனம் வந்தால் அதை நிரப்ப ஓடாதீர்கள். மனதுக்குள் இருபது எண்ணுங்கள். பெரும்பாலும் பதினைந்தில் யாராவது தொண்டையைச் செருமுவார்கள். ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், ‘அக்கா சொன்னது விளங்குது, இந்தப் பக்கம் இன்னும் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல’ என்று மெல்லத் திருப்பிவிடலாம்.

ஒருத்தர் அழத் தொடங்கினா? இல்லாட்டி வீட்டில அடி வாங்கிறதைச் சொன்னா?

போர், 2004 சுனாமி, இடம்பெயர்வு, காணாமல் போன பிள்ளைகள் என்று இந்த மாவட்டத்தில் திரையைப் பார்த்ததும் கிளறப்படக்கூடிய துயரம் ஏராளம். இதை எதிர்பார்த்தே தயாராகவேண்டும். படத்துக்கு முன்னர், ‘இதில் இப்படியான காட்சிகள் வரும், எழும்பிப் போகலாம், திரும்பி வரலாம்’ என்று சொல்லுங்கள். வாசலருகே ஓர் அறையோ மூலையோ, தண்ணீரோடு, பேசத் தெரிந்த ஒருவரோடு தயாராக இருக்கட்டும். அழுபவரை எல்லோர் முன்னும் தேற்றாதீர்கள். பக்கத்தில் போய் இருந்தால் போதும்.

வீட்டு வன்முறையைச் சொன்னால் கூட்டத்தில் விபரம் தோண்டக்கூடாது. பின்னர் தனியாகப் பேசுங்கள். பெண்களுக்கான உதவி எண் 1938, மனநல உதவிக்கு 1926, பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் 1929. அரச மருத்துவமனைகளில் ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் இதற்கென இயங்கும் பிரிவுகளும், பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இந்த எண்களைத் துண்டுப்பிரசுரமாகக் கையில் கொடுக்கவேண்டாம். வீட்டில் யாராவது காணக்கூடும். மலசலகூடக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். தேவைப்படுபவர் பார்த்துக்கொள்வார்.

உதவி தந்தவைக்குக் காட்டப் போட்டோ எடுக்கவேணுமே?

திரையையும் பின்தலைகளையும் எடுங்கள். முகம் வேண்டாம். வட்டமாக இருந்து பேசும்போது கமராவே வெளியே வரக்கூடாது. முகநூலில் நேரலை போடுவது கூடவே கூடாது. ஊர்ப் பெண் ஒருத்தி சொன்ன சொல், அவள் வீடு போய்ச் சேரமுன் வெளிநாட்டில் இருக்கும் மச்சானின் கைத்தொலைபேசியில் ஓடினால், அவள் மறுபடி வரமாட்டாள். அவளோடு சேர்ந்து பத்துப் பேர் வரமாட்டார்கள்.

ஊர் அரசியல்வாதி ரெண்டு வார்த்தை பேசப்போறாராம். மறுக்கிறது எப்பிடி?

‘மேடை இல்லை, பேச்சு இல்லை, படம் மட்டும்’ என்று நோட்டீசிலேயே போட்டுவிடுங்கள். மாலை, பொன்னாடை, மங்கல விளக்கு எதுவும் இல்லாவிட்டால் பிரமுகர்களுக்கு வர ஆசையும் குறையும். பார்வையாளராக வந்து பாயில் இருந்தால் வரவேற்புத்தான். தேர்தல் அறிவித்த பிறகு வாக்களிப்பு முடியும்வரை திரையிடலைத் தள்ளிவையுங்கள். என்ன படம் போட்டாலும் ஒரு கட்சியின் வேலை என்றே பேச்சு வரும்.

சிங்களம் பேசுற ஆக்களும் இருக்கினம். ரெண்டு மொழியில எப்பிடிச் செய்யிறது?

மைக்கில் இரண்டு மொழியும் சொல்லப்போனால் படம் காணாமல் போய்விடும். அதிகம் பேர் பேசும் மொழியை மைக்குக்கும், மற்றதைத் திரையில் எழுத்துக்கும் வையுங்கள். மற்ற மொழிக்காரர்களில் வாசிக்க முடியாதவர்கள் ஐந்தாறு பேர் என்றால், அவர்களை ஒரு பக்கமாக இருத்தி ஒருவர் காதோடு சொல்லலாம். பேச்சு வட்டங்களை மொழிவாரியாகப் பிரித்து, கடைசிப் பத்து நிமிடம் ஒன்றாகச் சேருங்கள்.

எங்கட ஊர்ப் பொம்பிளையளைப் பற்றி ஒரு படமும் இல்லையா?

காத்திருக்கவேண்டியதில்லை. கைத்தொலைபேசியால் எட்டு, பத்து நிமிடம் எடுத்து, பெரிய படத்துக்கு முன்னால் போடலாம். கருவாடு போடுகிறவர், மட்டி பொறுக்குகிறவர், சங்கத்துக்குப் பல வருடம் பொருளாளராக இருந்தவர். தொலைபேசியைப் படுக்கையாகப் பிடித்து, முகத்தில் வெளிச்சம் விழ, காற்று அடிக்காத இடத்தில் எடுங்கள். சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்று வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எடுத்து முடித்ததை முதலில் அவருக்கே போட்டுக் காட்டி, வேண்டாம் என்ற இடத்தை வெட்டி, எங்கெங்கே காட்டலாம் என்று அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். திரையிடும் நாளில் அவரை முன்வரிசையில் இருத்துங்கள்.

மண்டபம் எடுத்து, ஜெனரேட்டர் பிடிச்சு, ஏழு பேர்தான் வந்திருக்கினம். நிப்பாட்டலாமா?

நிறுத்தாதீர்கள். வந்த ஏழு பேரும் வேலையை விட்டு வந்தவர்கள். காலியான கதிரைகளை மடித்து வைத்து, பாயைத் திரைக்கு அருகே இழுத்து, சத்தத்தைக் குறைத்து, சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். ஏழு பேர் என்றால் வட்டமாக்கும் வேலையும் மிச்சம். புறப்படும்போது, அடுத்த முறை எந்த நாள் தோதுப்படும், யாரைக் கூட்டி வரலாம் என்று அவர்களையே கேட்டு, அவர்கள் சொல்லும் நாளையே குறித்துக்கொள்ளுங்கள்.